பாதிக் கடல், பாதி வயல்

எங்கள் மேல்வீட்டு அண்ணையிடம் இன்றைக்கு மழை வருமா என்று கேட்டால், முதலில் வானத்தைப் பார்ப்பார். பிறகு கேட்டவரின் கையைப் பார்ப்பார். கையில் குடை இருந்தால், "வந்தாலும் வரும், சொல்லேலாது" என்பார். குடை இல்லாவிட்டால், "பெரிசா ஒண்டும் வராது, போட்டு வாங்கோ" என்பார். மழை விஷயத்தில்கூட அவர் ஒருவர் மனத்தை நோகடித்ததில்லை.

மொன்றியலில் வில்லரே என்ற பகுதியில் நாங்கள் கீழ்வீட்டில் இருந்தோம். மேலே அவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி, ஒரே மகள். மொன்றியல் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் அவருக்கு வேலை. ஊரெல்லாம் நல்ல பெயர். கோயில் பங்குச் சபைத் தெரிவில் இரண்டு பேர் போட்டியிட்டால் இரண்டு பேருமே அண்ணை தனக்குத்தான் போட்டார் என்று நம்பி அவருக்குக் கேக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவரும் இரண்டு கேக்கையும் வாங்கி வைத்துக்கொண்டு இருவரையும் மனதார வாழ்த்துவார். "ஒருத்தரையும் நோகப்பண்ணக் கூடாது" என்பதுதான் அவருடைய பதினோராவது கட்டளை. மற்றப் பத்தையும் விட அதைத்தான் கவனமாகக் கடைப்பிடித்தார்.

மாரியில் பனி அள்ளுவதும் அவர்தான். ஒருமுறை இடப்பக்கத்துக் கிழவர், தன் பக்கம் பனியைத் தள்ளுவதாகப் பிரெஞ்சில் சத்தம் போட்டார். வலப்பக்கத்துக் கிழவி அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். அண்ணை இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த நாளிலிருந்து பனி முழுவதையும் நடுவில், எங்கள் வாசலில் குவிக்கத் தொடங்கினார். அந்த வருடம் ஒருவர் மனமும் நோகவில்லை, எங்களைத் தவிர. நான் முறைப்பட்டபோது சிரித்தார். "நீங்கள் எங்கட ஆக்கள் தானே, பிள்ளை. உங்களோட என்ன" என்றார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. முட்டாள்தனமான பெருமை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எதிரெதிரே இரண்டு தமிழ்க் கடைகள். ஒன்றில் அரிசி வாங்குவார், மற்றதில் பருப்பு. அரிசிக் கடைப் பையைப் பருப்புக் கடைக்காரர் பார்த்துவிடக் கூடாது என்று அதை மடித்து உள்சட்டைக்குள் வைத்திருப்பார். இந்த நகரத்துக் கடைகளில் உள்ளே போனவுடன் "பொன்சூர், ஹாய்" என்று ஒரே மூச்சில் இரண்டு பாஷையிலும் வரவேற்பார்களே, அந்த வாழ்த்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் அண்ணையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

என் கணவர் அவரை விலாங்கு என்பார். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற விலாங்கு. நான் ஒத்துக்கொண்டதில்லை. விலாங்கு தான் தப்புவதற்காகக் காட்டுகிறது. இவருக்கு அப்படி என்ன ஆதாயம்? இரண்டு கேக் மட்டும்தான், அதுவும் அவருக்கு இனிப்பு ஆகாது.

அவருடைய விடுமுறையும் அவரைப் போலத்தான் இருந்தது. கோடை வந்தால் மற்றவர்கள் அமெரிக்கக் கடற்கரைக்கோ ஒரு ஏரிக்கரைக்கோ போவார்கள். அவர்கள் குடும்பமாக இங்கிலாந்துக்குப் போவார்கள். ஒரு வாரம் ஒரு பழைய கடற்கரைப் பட்டினத்தில். அடுத்த வாரம் அதிலிருந்து அரைமணி ஓட்டத்தில் இருக்கும் நாட்டுப்புறத்துக் கிராமத்தில். திரும்பி வந்து படம் காட்டுவார். முதல் பாதிப் படங்களில் கடல், இரண்டாம் பாதிப் படங்களில் செம்மறியாடு.

"வெள்ளைக்காரன் பரம்பரை பரம்பரையா இப்பிடித்தான் செய்தவன்" என்பார். "ஒரு கிழமை கடல், ஒரு கிழமை வயல். மனுசனுக்கு ரெண்டும் வேணும், என்ன?"

நாங்கள் வாய் பிளந்து கேட்டோம். எத்தனை ரசனையான மனிதர் என்று நினைத்தோம். அந்த ரசனையில் மயங்கி ஒரு வருடம் நாங்களும் கூடப் போனோம்.

கடற்கரைப் பட்டினம் அவர் சொன்னது போலவேதான் இருந்தது. கடலுக்குள் நீளமாகப் போகிற மரப்பாலம், அதன் நுனியில் காசு விழுங்கும் விளையாட்டு இயந்திரங்கள், மணலில் பிள்ளைகளைச் சுமந்து நடக்கிற சலித்துப்போன கழுதைகள். ஆகஸ்ட் மாதத்தில் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, காற்றுக்கு ஒரு துணித்திரை நட்டு, அதன் பின்னால் குந்தியிருந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிற ஒரு சனத்தை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். தூறல் விழுந்தது. ஒருவரும் எழும்பவில்லை. விடுமுறை என்று சொல்லிவிட்டால் விடுமுறைதான். கடமையுணர்ச்சியில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அக்காவின் தங்கை அந்தப் பட்டினத்தில் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கிற கடை வைத்திருந்தாள். கடைக்கு மேலே வீடு. அண்ணை குடும்பம் அங்கேதான் தங்கும். நாங்கள் இரண்டு தெரு தள்ளி ஒரு விருந்தினர் விடுதியில். தங்கை புருஷன், அதாவது அண்ணையின் சகலன், வாய் ஓயாமல் சிரிக்கிற மனிதர். தங்கையோ எங்களை ஒரு வேளையும் வெளியில் சாப்பிட விடவில்லை. கடையில் பொரித்துக் களைத்து வந்து, வீட்டில் எங்களுக்கு நண்டுக் குழம்பு வைத்தாள். அக்கா அந்த வீட்டில் வேறொரு பெண்ணாக இருந்தாள். சத்தமாகச் சிரித்தாள், தங்கையின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். அண்ணை மட்டும் காதுக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு மூலையில் இருந்து தும்மினார். கடற்காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனாலும், "அருமையான காத்து" என்று சொல்லிச் சொல்லித் தும்மினார்.

அந்த வாரம்தான் எனக்கு இந்த விடுமுறையின் பூர்வீகம் தெரிந்தது. மணலில் சாய்வு நாற்காலி போட்டு நானும் அக்காவும் இருந்தபோது அவளே சொன்னாள். கிராமத்தில் இருப்பது அண்ணையின் சொந்தத் தமையன். அங்கே பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த கடை ஒன்று வைத்திருக்கிறார். பிறந்த ஊரில் அண்ணை ஆட்கள் தோட்டஞ்செய்கிற பக்கம், அக்கா ஆட்கள் கடற்கரைப் பக்கம். இரண்டு பக்கமும் கும்பிட்டது ஒரே மாதாவை. ஆனாலும் அண்ணை அக்காவை விரும்பிக் கட்டியபோது தமையன் வரவில்லை. மகள் பிறந்த பிறகுதான், "சரி, நடந்தது நடந்து போச்சு, நீங்கள் வாங்கோ" என்றாராம். அந்த 'நீங்கள்' மூன்று பேரோடு முடிந்துவிட்டது. அக்காவின் தங்கை அரைமணித் தூரத்தில் இத்தனை வருடம் இருந்தும் அந்த வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை.

"ஒருக்கா" என்றாள் அக்கா. "ஒரேயொருக்கா அவளை அங்க கூப்பிட்டு, மேசையில இருத்தி ஒரு பிடி சோறு குடுத்தினமெண்டால் எனக்குக் காணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்."

"அண்ணை கேக்கேல்லையோ அவரிட்ட?"

"அவரோ? அவர் ஆரையும் நோகப்பண்ண மாட்டார்" என்றாள். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

ஒரு வாரம் கடல், ஒரு வாரம் வயல் என்பது வெள்ளைக்காரன் பரம்பரை வழக்கமல்ல என்று அப்போது விளங்கியது. அது முழுக்க முழுக்க எங்கள் பரம்பரை வழக்கம். சாதி என்ற சொல்லை அண்ணை வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் அதற்கு விடுமுறை என்று பெயர் வைத்திருந்தார்.

கடலிலிருந்து வயலுக்கு மாறுகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. கிராமத்தில் கத்தோலிக்கக் கோயில் இல்லாததால் தமையன் குடும்பமும் பட்டினத்துக் கோயிலுக்குத்தான் பூசைக்கு வரும். தமையன் முன்வரிசையில், சகலன் பின்வரிசையில், அண்ணை சரியாக இடையில். சமாதானம் சொல்லிக் கைகுலுக்குகிற நேரத்தில் தமையன் பின்னால் திரும்பிச் சகலனுக்குக் கைகொடுத்தார். இருவரும் ஒரே பூசையில் நற்கருணை வாங்கினார்கள். ஒரே அப்பம் உண்ணலாம், ஒரே சோறு தின்னக் கூடாது. ஆண்டவருக்கு இது எப்படி விளங்கியதோ தெரியாது.

பூசை முடிந்ததும் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் பெட்டிகள் கைமாறின. எங்களிடம் வாடகைக்கு எடுத்த பெரிய கார் இருந்தது, அதிலேயே ஏற்றியிருக்கலாம். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. சகலன் தன் கடை வான் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி நிலத்தில் வைப்பார். அண்ணை அதை எடுத்துத் தமையன் காரில் ஏற்றுவார்.

"மழை வரும் போல" என்றார் தமையன்.

"வந்தாலும் வரும்" என்றார் சகலன்.

ஆங்கிலேயரிடமிருந்து எங்கள் ஆட்கள் நன்றாகப் படித்துக்கொண்ட ஒரே விஷயம் இந்த மழைப் பேச்சுதான் என்று நினைத்தேன்.

மகள் காரில் என்னருகே இருந்தாள். மொன்றியலில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அந்த வருடம்தான் பல்கலைக்கழகம் முடித்திருந்தாள். "பாவம் சின்னம்மா" என்றாள். "ஒருக்காலும் பெரியப்பா வீட்டை வர ஏலாது. கடையை விட்டுட்டு வர ஏலாதாம், அப்பா சொன்னவர்." நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே நம்பியிருந்தாள். பிள்ளைக்குத் தெரிந்தால் நோகும் என்று அண்ணை அவளிடமிருந்து அந்தச் சங்கதியை அவ்வளவு பக்குவமாக மறைத்து வளர்த்திருந்தார்.

நாட்டுப்புறம் அழகாகத்தான் இருந்தது. வேலி மரங்களுக்கு நடுவே ஒரு கார் மட்டும் போகிற ஒழுங்கைகள், கல் மதில்கள், மேட்டில் ஆடுகள். அண்ணை தும்மலை விட்டுவிட்டு இளந்தாரி போல நடந்தார், வயல் மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். இது அவருடைய பாதி. தமையன் எங்களை அன்பாக வரவேற்றார். உட்கார்ந்ததும், "ஊரில எவ்விடம்?" என்று தொடங்கினார். கோயிலுக்கு எந்தப் பக்கம், ஒழுங்கைக்கு எந்தப் பக்கம், அப்பாவின் தகப்பன் என்ன செய்தார் என்று தேநீர் ஆறுவதற்குள் விசாரித்து முடித்தார். முகம் மலர்ந்தது. அந்தப் பரீட்சையில் நாங்கள் சித்தியடைந்துவிட்டோம் என்று தெரிந்தது. அந்தச் சித்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு இருந்தோம். எனக்கும் என் கணவருக்கும் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் வெள்ளைத் தட்டு. அக்காவுக்கு மட்டும் ஓரத்தில் நீலப்பூப் போட்ட அழகான தட்டு. விருந்தாளியை நல்லாய்க் கவனிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான், புது விருந்தாளிகள் நாங்களல்லவா என்று உறைத்தது. கழுவும்போது பார்த்தேன். வெள்ளைத் தட்டுகள் ஒரு கம்பித் தாங்கியில் காய்ந்தன. பூத்தட்டுகள் தனியாக, ஒரு மூலை அலுமாரியின் அடித்தட்டுக்குப் போயின.

அண்ணைக்குத் தெரியாமலா? அவர் சாப்பிட உட்காரும்போதே தமையன் மனைவியிடம் சொன்னார், "மச்சாள், எனக்கும் அந்தப் பூக்கோப்பையில போடுங்கோ. சோறு வடிவாத் தெரியுது." எங்கள் பேச்சில் தட்டுக்குக் கோப்பை என்றுதான் பெயர். அவர் ஒவ்வொரு வேளையும் அப்படிக் கேட்டு வாங்கி, அக்காவின் பக்கத்தில் இருந்து, பூத்தட்டில் சாப்பிட்டார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, கன்னத்தில் ஒன்று விடவேண்டும் போலவும் வந்தது. இப்படி ஒரு அன்பையும் இப்படி ஒரு கோழைத்தனத்தையும் ஒரே தட்டில் நான் பார்த்ததில்லை.

விடுமுறையின் கடைசி மாலை தமையன் வீட்டில் விருந்து. அதை முடித்துக்கொண்டு நாங்கள் விமான நிலையத்துப் பக்கம் போய்த் தங்குவதாக ஏற்பாடு. அன்று காலை மகள் கேட்டாள், "பெரியப்பா, இண்டைக்கு நான் ரெண்டு பேரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"இதென்ன கேள்வி, பிள்ளை? உன்ர வீடெல்லோ. கூட்டிக்கொண்டு வா" என்றார் அவர். யாரோ கிராமத்துப் பெட்டைகளோடு சிநேகிதம் என்று நினைத்திருப்பார்.

மாலையில் வாடகைக் காரில் போனவள் திரும்பி வந்தபோது, அவள் பின்னால் பக்கவாட்டில் பெரிய மீன் படம் வரைந்த வான் ஒன்று வந்து தமையன் முற்றத்தில் நின்றது. அதிலிருந்து சகலன் இறங்கினார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அடுத்து தங்கை இறங்கினாள். கடையைப் பூட்டிவிட்டு, பட்டுச் சேலை கட்டி, தலைவாரி, கையில் ஒரு பழக்கூடையோடு வந்திருந்தாள். "பெரியப்பா கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்" என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். அது பொய்யும் இல்லை. எத்தனையோ வருடம் காத்திருந்த சொல் வந்துவிட்டது என்று தங்கை நம்பிப் புறப்பட்டிருக்கிறாள்.

தமையன் வாசலில் நின்றார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "வாங்கோ, வாங்கோ. வழியில வாகனம் கூடவோ?" என்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

எல்லோரும் மேசைக்கு வந்தோம். அக்கா தங்கையைத் தன் பக்கத்தில் இருத்தினாள். தமையன் மனைவி மூலை அலுமாரியைத் திறந்தாள். பூத்தட்டு அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, சகலனுக்கு ஒன்று, வழக்கம்போல அண்ணைக்கு ஒன்று. அதோடு அந்தத் தட்டுகள் முடிந்தன. கணக்குச் சரியாக வந்ததில் அண்ணையின் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒருவர் மனமும் நோகாமல் அந்தச் சாப்பாடு முடிந்திருக்கும்.

"பெரியம்மா, அதென்ன அவைக்கு மட்டும் பூக்கோப்பை? எனக்கும் தாங்கோ" என்றாள் மகள்.

"அது விருந்தாளியளுக்கு, பிள்ளை."

"அம்மா விருந்தாளியோ?"

அவள் எங்களைக் காட்டினாள். "அப்ப இவை? இவைதானே விருந்தாளி? இவைக்கு ஏன் வெள்ளைக் கோப்பை?" கேட்டுக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்தினாள். தாயின் தட்டைப் பார்த்தாள், சின்னம்மாவின் தட்டைப் பார்த்தாள், பிறகு தகப்பனைப் பார்த்தாள். படித்த பிள்ளை, ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டாள்.

எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். இப்படியான இடங்களில் ஏதாவது சொல்லிச் சமாளிப்பது அவர் வேலை. அவர் எழுந்தார். தன் பூத்தட்டை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்து, தமையன் முன்னால் வைத்தார். தமையனின் வெள்ளைத் தட்டைத் தான் எடுத்துக்கொண்டார்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் இதில சாப்பிடுங்கோ" என்றார்.

தமையன் அந்தத் தட்டைப் பார்த்தபடி இருந்தார். நீலப்பூக்கள் நல்ல அழகுதான். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார். "எனக்கு வயிறு சரியில்லை. நீங்கள் சாப்பிடுங்கோ" என்று சொல்லி மாடிக்குப் போனார். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

தங்கை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நாங்கள் வெளிக்கிடுறம், அக்கா. கடை திறக்க வேணும்" என்றாள். பழக்கூடையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவளுக்குச் சோறு போட்டிருக்கவேயில்லை.

நாங்களும் புறப்பட்டோம். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அண்ணை காரை ஓட்ட, அக்கா அவர் பக்கத்தில் இருந்தாள். பின்னால் மகளும் நாங்களும். கொஞ்சத் தூரம் போனதும் அண்ணை தானாகச் சொன்னார்.

"நான் அண்ணையை நோகப்பண்ணிப் போட்டன், என்ன? வயசு போன மனுசன். சாப்பிடாமல் எழும்பிப் போட்டார்."

"ஓம். நோகப்பண்ணிப் போட்டியள்" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. "அவருக்கு இண்டைக்குத்தான் முதல் தரம். எனக்கு ஒவ்வொரு வருசமும் நொந்தது. அதை நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

"உனக்கு அந்தக் கோப்பை விசயம்…"

"முதல் வருசமே தெரியும். நீங்கள் உங்களுக்கும் அதில கேட்டு வாங்கேக்கை எல்லாம் நான் ஒண்டும் விளங்காத மாதிரி இருந்தன். எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் உங்களுக்கு நோகுமெண்டு."

அண்ணை காரை நிறுத்தினார். ஓரங்கட்டவில்லை, ஓரங்கட்ட அங்கே இடமும் இல்லை. ஒழுங்கையின் நடுவிலேயே நிறுத்தினார். பின்னால் வந்த கார்க்காரன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹோர்ன் அடித்தான். அந்த நாட்டில் அது கெட்ட வார்த்தை சொல்வதற்குச் சமம். திரும்பவும் அடித்தான். அண்ணை அவனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கையைக்கூட உயர்த்தவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.